டெஸ்ஸுக்குக் கனக்க அம்பு

அம்பு விற்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்தத் தொழிலில் இருந்த காலத்தில், எனக்குத் தெரிந்தவரை, ஆக்லாந்து முழுவதிலும் தமிழ் பேசுகிற அம்புக்காரர்கள் இரண்டு பேர்தான். இருவரும் ஒரே கடையில் இருந்தோம். இப்போது உங்களில் சிலர் ஒன்றாக வேலை செய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதில் எனக்குப் பெரிய சந்தோஷம். தமிழ் வாசிக்க வராதவர்கள், வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். அவர் சிரிக்கிற இடத்தில் நிறுத்தி, ஏன் சிரித்தார் என்று கேளுங்கள். இந்தக் கதையே கேட்காமல் விட்டதால் வந்ததுதான்.

தண்டு வெட்டுவது, இறகு ஒட்டுவது, எடை பார்ப்பது எல்லாம் பட்டறையில் நின்றால் தானாகக் கைக்கு வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். வேட்டைக்குப் போகிறவர் எதிரே நிற்கும்போது எந்த அம்பைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது என்ற முடிவு மட்டும் எந்தப் பட்டறையிலும் கிடைக்காது. அதற்கு ஒரு நாளை எடுத்துச் சொல்கிறேன்.

1986 ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமை அது. சாமி அண்ணை இன்றைக்கும் 87 என்று வாதாடுவார். 87 ஆக இருக்க வழியே இல்லை. அந்த வாரம் வானத்தில் வால்வெள்ளி நின்றது. எழுபத்தாறு வருடத்துக்கு ஒருமுறை வருவது, சாமி அண்ணையின் வசதிக்காக மறு வருடமும் வந்திருக்காது. ஜிஎஸ்டி வரி அமலுக்கு வந்தது அதே 86 அக்டோபரில். அதற்கு முந்திய கடைசி 'ரோர்' அது. ரோர் என்றால் தெரியும்தானே? மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் கலைமான்கள் பெட்டைகளைத் தேடி மலையே அதிரக் கத்தும் பருவம். வில் வைத்திருக்கும் எவருக்கும் வருடத்தில் அந்தச் சில வாரங்கள்தான் கணக்கு.

கடை ஆக்லாந்தின் மேற்கே, ஹென்டர்சனில் இருந்தது. முன்பக்கம் பேட்மின்டன் மட்டைகள், மீன்பிடி கம்பிகள். பின்பக்கம் வில்லும் அம்பும், அதற்கும் பின்னால் பட்டறை. நான் யாழ்ப்பாணத்தில் வரைபடம் வரைகிற வேலையில் இருந்துவிட்டு 84இல் இங்கே வந்தவன். விற்பனைப் பலகைக்குப் பின்னால் நிற்பது என் வேலை. பொது நூலகத்தில் வில்லைப் பற்றி இருந்த புத்தகங்களை எல்லாம் படித்து முடித்திருந்தேன். பட்டறை சாமி அண்ணையுடையது. முழுப்பெயர் கோவிந்தசாமி. ஃபிஜியில் லவுடோகாக்காரர், பாட்டனார் காலத்தில் கரும்புக்காகக் கப்பலேறிய குடும்பம். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்துவிட்டு, எழுபதுகளில் ஆக்லாந்துக்கு வந்தவர். வீட்டுத் தமிழை விடாமல் காப்பாற்றி வைத்திருந்தார். எனக்கு அவர் அண்ணை, அவருக்கு நான் சிலோன் தம்பி.

எங்கள் இரண்டு தமிழும் முதல் வாரத்திலேயே மோதிக்கொண்டன.

"எதக் கேட்டாலும் ஓம், ஓம்ங்கிறியே, தம்பி. இது கடையா, கோயிலா?"

"ஓம் எண்டால் ஆமா, அண்ணை."

"அப்ப ஆமான்னு சொல்லு. நான் பாட்டுக்குக் கையக் கூப்பிக்கிட்டு நிக்கிறேன்."

இப்படித்தான் ஓடியது. அவர் 'பேசுறது' என்பார், நான் 'கதைக்கிறது' என்பேன். இரண்டு பேருக்கும் புரிந்தது. புரிகிறது என்று நம்பினோம்.

இனி டெஸ். எங்கள் வாடிக்கையாளர், பேருந்து ஓட்டுநர், நெடிய மனிதர். அவருடைய பேருந்து எங்கள் கடைக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில்தான் நிற்கும். ஜனவரித் தொடக்கத்தில், இங்கே அது கோடை, ஒருநாள் வேலை முடிந்து கடைக்குள் வந்து, எங்கள் இருவரிடமும் முந்திய வருடத்துக் கதையைச் சொன்னார். நல்ல கலைமான், நல்ல இடம், காற்றும் சாதகம். விலாவைக் குறிவைத்து விட்டார். அம்பு தோள்பட்டை எலும்பில் பட்டு நின்றுவிட்டது. மான் அம்போடு ஓடியது. அன்று முழுவதும், அடுத்த நாளும், காடு முழுக்கத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை.

"என் கை ஆடிவிட்டது, மேட்," என்றார். எல்லோரும் அவருக்கு மேட், நண்பர்தான். "வேறு காரணம் இல்லை. அது எங்கேயோ கிடந்து செத்திருக்கும், என்னால். இந்தக் கோடை முழுக்கப் பழகப் போகிறேன். இந்த ரோரிலும் அப்படி ஒன்று நடந்தால் வில்லை விற்றுவிடுவேன். பதினேழு வயதிலிருந்து வைத்திருக்கிறேன். இருந்தாலும் விற்றுவிடுவேன்."

வேடிக்கைக்குச் சொல்கிற முகம் அல்ல அது. அவர் போன பிறகு சாமி அண்ணை பட்டறையில் ஒவ்வொரு தண்டாக எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்று நான் கேட்கவில்லை.

டெஸ் சொன்னபடியே செய்தார். தினமும் வேலை முடிந்து வீட்டுப் பின்புறத்தில் வில்லோடு நின்றார். ஆறு அம்பில் இரண்டை முள் புதர் தின்றுவிட்டது. ஈஸ்டர் வாரத்துத் திங்கட்கிழமை, பேருந்தை நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு, பயணிகள் எல்லோரும் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, இறங்கி எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலிருந்தே கத்தினார்.

"வியாழக்கிழமை காட்டுக்குப் போகிறேன், மேட்! அம்பு வேண்டும். இப்போது இருப்பது மாதிரிப் போதாது. நிறைய! நிறைய!"

"எத்தனை?" என்று கேட்பதற்குள் பேருந்தில் ஒரு பெண்மணி மணியை அடித்தார். டெஸ் ஓடிவிட்டார். நான் பட்டறைப் பக்கம் திரும்பினேன். அங்கே தண்டு வெட்டும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. நானும் கத்தினேன்.

"சாமி அண்ணை! டெஸ்ஸுக்கு வியாழக்கிழமைக்கு அம்பு செய்யோணும். இப்ப வச்சிருக்கிற மாதிரி இல்லை, கனக்க வேணுமாம்!"

இயந்திரம் நின்றது. "கனக்கவா?"

"ஓம், கனக்க!"

"எவ்வளவு கனம்?"

"ஏலுமான அளவு!"

"சரி தம்பி. நானும் அதத்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன். பண்ணிடறேன்."

அந்தக் கடைசிப் பதிலை இப்போது திரும்பப் படியுங்கள். எத்தனை அம்பு வேண்டும் என்பதைப் பற்றி ஒரு மனிதர் ஏன் முன்கூட்டியே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்? எனக்கு அது உறைக்கவில்லை. ரோருக்கு முந்திய வாரம் கடையில் நிற்க இடம் இருக்காது. செவ்வாய்க்கிழமை எங்கள் முதலாளியும் தம் வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். வேட்டைக் கடையை இரண்டு தமிழர்களிடம் ஒப்படைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகப் போனார்.

வியாழன் காலை டெஸ்ஸின் அம்புகளை எடுத்து வைக்கலாம் என்று பட்டறைக்குள் போனேன். இரண்டு டஜனாவது இருக்கும் என்று பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். மேசையில் ஆறு அம்புகள் கிடந்தன.

"மிச்சம் எங்கை, அண்ணை?"

"எந்த மிச்சம்?"

"மிச்ச அம்பு. இதிலை ஆறுதானே கிடக்கு."

"ஆறுதான். ஒன்னக் கையில எடுத்துப் பாரு. எப்படிக் கனக்குது!"

எடுத்தேன். கை இறங்கியது. தடித்த சுவருள்ள அலுமினியத் தண்டு. முனையில் டெஸ் வழக்கமாக வைக்கும் மூன்று அலகு, அதாவது மூன்று வெட்டுத் தகடு, உள்ள தலை இல்லை. ஒற்றை இரும்புத் தகட்டில் செய்த, வெற்றிலை மாதிரியான, இரண்டு அலகு பிராட்ஹெட். வேட்டைக்கான கூர்த்தலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பயிற்சிக்கு வைக்கும் மொட்டை முனை வேறு. சாமி அண்ணை அரத்தால் தீட்டி, இழுத்துப் பிடித்த ரப்பர் பட்டையைத் தொட்டவுடன் அறுக்கும் பதத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அழகான வேலை. ஆனால் கேட்ட பொருள் அது இல்லை.

"அண்ணை, நான் கனக்க எண்டல்லோ சொன்னனான்!"

"கனக்கத்தானே பண்ணியிருக்கேன்!"

"கனக்க எண்டால் நிறைய! கனக்கச் சனம், கனக்கச் சோறு, கனக்க அம்பு!"

"எங்க வீட்டுல கனக்குதுன்னா பாரம். காலையில எழுந்து எனக்குத் தல கனக்குதுன்னா, நெறைய தல இருக்குதுன்னா அர்த்தம்? நெறைய தலையெல்லாம் உங்க ஊரு ராஜாவுக்குத்தான் இருந்துச்சு!"

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். சிரிப்பு வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்தபோது இருவர் முகமும் மாறிவிட்டது. மதியத்தோடு டெஸ்ஸின் வேலை முடியும். நேரே இங்கே வந்து அம்பை எடுத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டுவிடுவார்.

ஒரு விஷயத்தை இங்கே நிறுத்திச் சொல்கிறேன். பொருத்தமில்லாத சொல்லாக இருந்திருந்தால் சாமி அண்ணை என்னைத் திருப்பிக் கேட்டிருப்பார். 'டெஸ்ஸுக்குச் சிவப்பு அம்பு' என்று நான் சொன்னதாக அவர் காதில் விழுந்திருந்தால், இயந்திரத்தை விட்டு எழுந்து வந்திருப்பார். 'பாரமான அம்பு' என்பது அவருக்கு மிகப் பொருத்தமாகப் பட்டது. எலும்பில் பட்டு நின்ற அம்பின் கதையைக் கேட்ட நாளிலிருந்து அவர் மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ, புதரில் அம்பைத் தொலைக்கிறவர் நிறையக் கேட்பது பொருத்தம். இரண்டு பேருக்கும் தனித்தனியாக நியாயம் இருந்ததால் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பட்டறைக்குச் சொல்லும் செய்தியில் எண்ணும் எடையும் இருக்கட்டும். 'நல்லதா', 'நிறைய', 'கொஞ்சம்' எதுவும் வேண்டாம். அன்று முதல் நாங்கள் அப்படித்தான் பேசினோம், கதைத்தோம்.

"இப்ப என்ன செய்யிறது, அண்ணை?"

"ஒன்னும் செய்யாத. இதக் குடு. அந்த மனுசனுக்கு இதுதான் சரி. இது எலும்புக்கெல்லாம் நிக்காது."

"அவர் கேட்டது இது இல்லையே."

"கேட்டது வேற, வேணுங்கிறது வேற, தம்பி."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. நான் படித்த புத்தகங்களும் அதையே சொல்லின. ஆனால் டெஸ்ஸின் கையும் கண்ணும் கோடை முழுக்க மெல்லிய, வேகமான அம்புக்குப் பழகியிருந்தன. வில்லில் அவர் வைத்திருந்த குறி ஊசிகள், கிட்டத்துக்கு ஒன்று, நடுத் தூரத்துக்கு ஒன்று, எட்டத்துக்கு ஒன்று, எல்லாம் அந்த அம்புக்குக் கட்டியவை. பாரமான அம்பு தூரம் போகப் போகத் தாழும். விலாவைக் குறிவைத்தால் வயிற்றில் படும், அல்லது காலில். அந்த மனிதர் எதற்குப் பயந்தாரோ, அதையே நாங்கள் பெட்டியில் போட்டுக் கொடுத்ததாக ஆகும்.

மெல்லிய தண்டுகள் ரோர் கூட்டத்தில் விற்றுத் தீர்ந்திருந்தன. அலமாரியில் தயாராக இருந்தவை டெஸ்ஸின் நீளக் கைக்குக் குட்டை; இழுத்தால் அம்பின் தலை வில்லைப் பிடித்த விரலுக்கே வந்துவிடும். முதலாளியைக் கேட்கலாம் என்றால் அவர் எந்த மலையில் இருந்தாரோ. அந்தக் காலத்தில் காட்டுக்குப் போனவர் போனவர்தான்.

"முதலிலை உண்மையைச் சொல்லுவம்," என்றேன். "பிறகு அவரை அடிச்சுப் பாக்கச் சொல்லுவம். ரெண்டையும்."

"அடிச்சுப் பாத்தா என் அம்புதான் ஜெயிக்கும்."

"வெண்டால் நல்லது தானே. தோத்தால் காட்டிலை இல்லாமல் இங்கை தோக்கட்டும்."

டெஸ் வந்தார். சீருடைக் காற்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை, முகத்தில் பள்ளி விட்ட குழந்தையின் சிரிப்பு. வாசலில் நின்ற அவருடைய கார் கூரைவரை நிரம்பியிருந்தது. "வால்வெள்ளியைப் பார்க்கப் பைனாகுலரும் எடுத்து வைத்திருக்கிறேன், மேட்! எங்கே என் அம்புகள்?"

சொன்னேன். நிறைய என்பதற்கு என் ஊரில் ஒரு சொல், பாரம் என்பதற்குச் சாமியின் வீட்டில் அதே சொல், நடுவில் ஒரு வெட்டும் இயந்திரம் என்று விளக்கினேன். டெஸ் என்னைப் பார்த்தார், சாமி அண்ணையைப் பார்த்தார்.

"நீங்கள் இருவரும் ஒரே மொழிதானே பேசுகிறீர்கள்?"

"பெரும்பாலும்," என்றார் சாமி அண்ணை.

டெஸ் சிரிக்கவில்லை. சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல வடிந்தது. "இந்த ஐந்து நாளுக்காக டிப்போவில் எத்தனை பேரிடம் வேலையை மாற்றிக்கொள்ளக் கெஞ்சியிருக்கிறேன் தெரியுமா? புது அம்பை நம்பி எப்படிப் போவது? என்னிடம் இருக்கும் பழைய நாலையே கொண்டு போகிறேன். அதுதான் என் கைக்குத் தெரியும்."

இந்த இடத்தில் விட்டுவிடத்தான் எனக்கு ஆசை. வாடிக்கையாளரே முடிவு சொல்லிவிட்டார். 'சரி, நல்லபடியாகப் போய் வாருங்கள்' என்றால் என் தலையில் எதுவும் விழாது. ஆனால் அவர் காருக்குத் திரும்பும்போது தோள் தாழ்ந்து போனதைப் பார்த்தேன். இந்த மனநிலையில் வில்லிழுக்கிறவர் எதையும் சரியாக அடிக்கமாட்டார்.

"டெஸ், போவதற்கு முன் பின்னால் வந்து பழைய அம்பை எங்கள் முன் அடித்துக் காட்டுங்கள். அது சரியாகப் போனால் நானே காரில் ஏற்றி வைக்கிறேன்."

கடைக்குப் பின்னால் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரின் வெற்று நிலம். அவர் அனுமதியோடு அங்கே ஒரு மண்மேட்டில் வைக்கோல் கட்டு வைத்திருந்தோம். டெஸ் பழைய அம்புகளைப் பயிற்சி முனையோடு அடித்தார். கோடை முழுக்கப் பழகிய கை. கிட்டத்திலும் எட்டத்திலும் நாலும் ஒரு கைப்பிடிக்குள். சாமி அண்ணையே "வாவ்" என்றார்.

"பார்த்தீர்களா?" என்றார் டெஸ்.

"இப்போது வேட்டைத் தலையைப் பூட்டி அடியுங்கள்," என்றேன்.

"அதை எதற்கு மண்ணில் அடிப்பது? கூர் போய்விடும். அது காட்டுக்கு."

"ஒருமுறையாவது அடித்துப் பார்த்தீர்களா?"

"கூர் போய்விடும் என்கிறேனே, மேட்."

"கூர் நான் போட்டுத் தருகிறேன்," என்றார் சாமி அண்ணை. "அடியுங்கள்."

அரை மனதோடு மூன்று அலகுத் தலையைத் திருகினார். இழுத்தார். விட்டார். அம்பு பாதி வழி வரை நேராகப் போய், பிறகு யாரோ கூப்பிட்டது போல வலப்பக்கம் சாய்ந்தது. கட்டின் ஓரத்தில் குத்தியது. இரண்டாவது கட்டையே தொடவில்லை; மேட்டில் மண் தெறித்தது. மூன்றாவதும் வலம்.

அந்த அகலமான தலையின் மூன்று அலகும் காற்றைப் பிடித்து, இலேசான அம்பைத் தம் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போயின. மொட்டை முனையில் அது தெரியவே தெரியாது. பார்வைக்குப் பயங்கரமாக இருக்கும் தலையைத்தான் எல்லோரும் ஆசையோடு வாங்குகிறார்கள். மான் அதைப் பார்க்கப் போவதில்லை. அம்பு மட்டும் அதைச் சுமந்துகொண்டு நேராகப் பறக்க வேண்டும்.

டெஸ் வில்லை இறக்கிவிட்டு அந்த ஓரத்து அம்பைப் பார்த்தார்.

"போன வருடம் அது இடப்பக்கம் காட்டி நின்றது," என்றார் மெதுவாக. "அப்படியென்றால் தலை எனக்கு இடப்பக்கம்... இல்லை, இல்லை. கீழே நான், மேலே அது, தலை வலப்பக்கம். தோள் வலப்பக்கம்." கையால் காற்றில் மானை வரைந்தார். விலாவைத் தொட்டார். விரலை வலப்பக்கம் ஒரு சாண் நகர்த்தினார். தோள்பட்டை. "என் கை ஆடவில்லை."

சாமி அண்ணை தலையசைத்தார்.

"என் கை ஆடவில்லை, மேட்! ஒரு வருடமாக நான்..." முடிக்கவில்லை. திரும்பிச் சாமி அண்ணையின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சாமி அண்ணை இரண்டடி முன்னால் போனார். டெஸ் சிரித்தார். வாசலில் விட்டுவந்த சிரிப்பு பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தது.

பிறகு பாரமான அம்பை எடுத்தார். கிட்டத்தில் அடித்தார். இரண்டு அலகுத் தலையோடு நேராகப் போய், 'டப்' என்ற தணிந்த சத்தத்துடன் கட்டுக்குள் இறகுவரை இறங்கியது. எல்லாம் ஒரே உயரத்தில், குறிக்குச் சற்றுக் கீழே. கிட்டத்து ஊசியைச் சற்று இறக்கிக் கட்டினோம். மறுபடி அடித்தார், உள்ளங்கை அளவு இடத்தில் அத்தனையும். சாமி அண்ணை என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

"இப்போது எட்டத்தில்," என்றேன்.

எட்டத்தில் அத்தனையும் கட்டுக்கு அடியில் மண்ணில் குத்தின. இப்போது நான் சாமி அண்ணையைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"நடுத் தூரமும் எட்டமும் திரும்பக் கட்டி, பழகி எடுக்க இரண்டு மூன்று நாளாவது வேண்டும்," என்றார் டெஸ். "எனக்கு இன்று போக வேண்டும். சொல்லுங்கள், எதை எடுக்கட்டும்?"

கேட்டது என்னை. நான் வேட்டைக்குப் போனதே இல்லை. இறைச்சி சாப்பிடுகிறவன்கூட இல்லை. ஆனால் முன்னால் நடந்தது அத்தனையும் என் கண்ணால் பார்த்தது. அதிலிருந்து மட்டும் பதில் சொல்வது என்று முடிவு செய்தேன்.

"பாரமானதை எடுங்கள். கிட்டத்து ஊசியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் கழற்றி இங்கே கொடுத்துவிட்டுப் போங்கள்."

"கழற்றியா?"

"இருந்தால் பார்ப்பீர்கள். பார்த்தால் விடுவீர்கள்."

"மேட், எதிர்ச்சரிவில் பன்னிரண்டு கிளைக் கொம்போடு ஒன்று வந்து நின்றால்?"

"ரசியுங்கள்."

டெஸ் சாமி அண்ணையிடம் முறையிடுவது போலத் திரும்பினார். சாமி அண்ணை தம் சட்டைப்பையிலிருந்து சிறிய திருப்புளியை எடுத்து அவரிடம் நீட்டினார். எனக்கு அந்த நிமிடத்தில் அவர் மேல் வந்த அன்பு சாதாரணமானதல்ல. தாம் செய்த அம்புக்கு எல்லை போடுகிறோம் என்று தெரிந்தும் நீட்டினார்.

டெஸ் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு ஊசிகளையும் கழற்றி என் கையில் வைத்தார். சாமி அண்ணை ஆறு தலைகளையும் திரும்பத் தீட்டிக் கொடுத்தார். கார் போய்விட்டது.

அந்த ஈஸ்டர் விடுமுறை எனக்கு நீண்டது. த்ரீ கிங்ஸில் என் வீட்டில் உட்கார்ந்து அகராதியைப் புரட்டினேன். 'கனம்' என்ற சொல்லுக்குப் பாரம் என்றும் இருந்தது, மிகுதி என்றும் இருந்தது. சாமி அண்ணைக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

"அப்ப ரெண்டு பேரும் பாஸ்," என்றார். பிறகு குரல் தணிந்து, "இந்நேரம் என்ன பண்ணிக்கிட்டிருப்பாரு, தம்பி?"

"தெரியேல்லை, அண்ணை."

"எனக்குச் சோறே எறங்கல."

செவ்வாய்க்கிழமை கடை திறந்தோம். முற்பகலில் ஓர் அம்மா தம் மகளுக்குப் பேட்மின்டன் மட்டை பார்த்துக்கொண்டிருந்தார். டெஸ்ஸின் கார் வந்து நின்றது. சேறு, தாடி, புகை வாசனை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், வணக்கம்கூடச் சொல்லாமல், இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கலைமான் மாதிரிக் கத்தினார். அந்த அம்மா மட்டையைக் கேடயமாகப் பிடித்தார். மகள் கைதட்டினாள்.

"முதல் நாள் மாலை," என்றார் டெஸ், "எதிர்ச்சரிவில் வந்து நின்றது, மேட். நீங்கள் சாபம் போட்டது போலவே. வாழ்நாளில் அப்படிக் கொம்பு பார்த்ததில்லை. வில்லைத் தூக்கிவிட்டேன். ஊசியைத் தேடுகிறேன், இல்லை! உங்களைத் திட்டின திட்டு உங்களுக்கு இங்கே கேட்டிருக்கும். பிறகு வேறு வழியில்லாமல் உட்கார்ந்து பார்த்தேன். கத்தியது. மூச்சு புகையாக வந்தது. எத்தனையோ வருடமாக மானைக் குறியாகத்தான் பார்த்திருக்கிறேன். அது தானாகத் திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்."

"அப்புறம்?" சாமி அண்ணை பட்டறையிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை காலை. ஓடைக்கரையில் இளம் கலைமான் ஒன்று. நானிருந்த பக்கமே நடந்து வருகிறது. இங்கிருந்து உங்கள் கதவு எவ்வளவு தூரம், அதைவிடக் கொஞ்சம் கூட. கையில் நடுக்கமே இல்லை. ஒரே அம்பு. இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வெளியே வந்து மரத்தில் நின்றது. மான் நாலு துள்ளுத் துள்ளியது, படுத்துவிட்டது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது." சேற்றுக் கையால் தாடியைத் தடவினார். "தேடவில்லை, மேட். தேடவே இல்லை."

மட்டை வைத்திருந்த அம்மா மெல்ல அதை இறக்கினார். "நல்லது," என்றார், ஏனென்று தெரியாமலே.

சாமி அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரத்தூள் விழுந்துவிட்டது என்றார். அன்று காலை அவர் அரத்தைத் தொடவே இல்லை. டெஸ் காருக்குப் போய் இறைச்சிப் பொதி ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். எனக்கு ஒரு பை நிறைய ஆப்பிள். வழியில் யாரோ தோட்டக்காரரிடம் நிறுத்தி வாங்கியதாம். நான் இறைச்சி சாப்பிடமாட்டேன் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "போன வாரம் வைக்கோல் கட்டையே பாவமாகத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்," என்றார்.

"அப்படியானால் வில்?" என்று சாமி அண்ணை கேட்டார்.

"வரும் வழியில் டிப்போவுக்குத்தான் முதலில் போனேன். அடுத்த ஈஸ்டருக்கு லீவ் கேட்டேன்."

"கொடுத்தார்களா?"

"மேற்பார்வையாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். 'டெஸ், இந்த ஈஸ்டர் லீவே உனக்கு இன்றைக்குத்தான் முடிகிறது. முதலில் வீட்டுக்குப் போய்க் குளி' என்றார்."